அப்போது அங்கே யார் இருந்தார்?

1626ஆம் ஆண்டைப் பற்றி இரண்டு வரிகள் உண்டு. ஒன்றை நியூயோர்க்கில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை படிக்கும்: ஒல்லாந்தர் மன்ஹாட்டன் தீவை அங்கிருந்த பூர்வகுடிகளிடம் 24 டொலருக்கு வாங்கினார்கள். மற்றதைக் கிழக்கிலங்கையின் ஓட்டமாவடிப் பிள்ளை கேட்டு வளரும்: போர்த்துக்கேயர் தங்கள் பிரதேசங்களிலிருந்து துரத்திய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் ஏற்றுக்கொண்டு, அவர்களில் 4,000 பேரை மட்டக்களப்பில் குடியேற்றினான். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வரலாறு பேசும் நூல், பாடசாலை மலர், மேடைப் பேச்சு எதை எடுத்தாலும் இந்த வரி ஒரு தடவையாவது வந்துபோகும். இரண்டு வரிக்கும் ஆண்டு ஒன்று. இரண்டிலும் மனதில் ஒட்டிக்கொள்ளும் ஓர் எண் இருக்கிறது. இரண்டையும் எழுதிவைத்தவர்கள் அந்தச் சம்பவம் நடந்த இடத்தில் இருக்கவில்லை.

மன்ஹாட்டனை முதலில் பார்ப்போம். அந்த விற்பனைக்குக் காணி உறுதி எதுவும் தப்பி வரவில்லை. இருப்பது ஒரு கடிதம்தான். 1626 நவம்பர் 5ஆம் திகதி பீற்றர் ஸ்காகன் என்ற அதிகாரி ஒல்லாந்து அரசுப் பேரவைக்கு எழுதியது. அவர் இருந்தது அம்ஸ்ரர்டாமில். முதல் நாள் துறைமுகம் வந்த கப்பலில் கேட்டறிந்த செய்திகளை ஒரே பக்கத்தில் அடுக்கியிருக்கிறார். நம் ஆட்கள் நலம், பெண்கள் பிள்ளை பெற்றிருக்கிறார்கள், தீவை 60 கில்டர் பெறுமதிக்கு வாங்கியாயிற்று, தானியம் விதைத்து அறுத்தாயிற்று. பிறகு சரக்குப் பட்டியல். பீவர் தோல் மட்டும் 7,246. பாசிமணி கொடுத்து ஏமாற்றினார்கள் என்று பின்னாளில் கட்டப்பட்ட கதைக்கு இதில் ஒரு சொல்லும் இல்லை. வாங்கியவர் பெயர் இல்லை, விற்றவர் பெயரும் இல்லை. அந்த 24 டொலர், 19ஆம் நூற்றாண்டில் கில்டரை டொலராக மாற்றிப் போட்ட கணக்கு. ஒரு தீவு கைமாறியதற்கு ஒரு வரி, தோலுக்கு ஒன்று விடாத எண்ணிக்கை! அந்தக் கடிதம் யாருக்காக, எந்தக் கவலையில் எழுதப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

இனி நம்முடைய 4,000. இந்த எண்ணைப் பின்தொடர்ந்து போனால் அது பெர்னாவ் டி குவேரோஸ் என்ற போர்த்துக்கேய இயேசு சபைப் பாதிரியாரிடம் கொண்டுபோய் விடும். இலங்கையைப் போர்த்துக்கேயர் வென்றதையும் இழந்ததையும் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1687 அளவில் கோவாவில் முடிந்தது. அதாவது 1626க்குச் சுமார் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு. அவர் இலங்கையில் கால் வைத்ததில்லை. பழைய காகிதங்களையும், இலங்கையில் இருந்து திரும்பியவர்கள் சொன்னதையும் வைத்து எழுதினார். அடுத்த ஆண்டே காலமானார். நூல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அச்சேறவில்லை. கையெழுத்துப் பிரதி பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ வரைக்கும் பயணம் போய், அங்கேதான் கிடைத்தது. மட்டக்களப்பைப் பற்றிய ஒரு வரியைத் தேடி அமெரிக்கக் கண்டத்துக்குப் போக வேண்டியிருப்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது. 1916இல் போர்த்துக்கேய மூலம் கொழும்பில் அச்சானது. 1930இல் எஸ். ஜி. பெரேரா அடிகளாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் அந்த வரி ஆய்வாளர்கள் கைக்கு வந்து, அவர்களிடமிருந்து மலர்களுக்கும் மேடைகளுக்கும் போனது.

இதனால் அந்த வரி பொய் என்று ஆகிவிடாது. குவேரோஸுக்குக் கண்டி மன்னனைப் புகழ எந்தத் தேவையும் இல்லை. முஸ்லிம்கள் மீது அவருக்கு அன்பும் இல்லை. தனக்குப் பிடிக்காத செய்தியை ஒருவர் எழுதிவைத்திருந்தால் அதை லேசில் தள்ளிவிடக் கூடாது என்பது வரலாற்றாசிரியர்களின் பழைய விதி. ஆனால் 4,000 என்றால் யார்? ஆண்கள் மட்டுமா, குடும்பங்களா, தலைகளா? மட்டக்களப்பு என்றது எந்த இடத்தை? அவர்கள் வரும்போது இங்கே முஸ்லிம்கள் ஏற்கெனவே இருந்தார்களா? மேடையில் வரும் வரி இவற்றில் ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை.

நமது தரம் 10 மாணவருக்கு மூலாதாரங்கள் என்றால் இலக்கிய மூலாதாரம், தொல்பொருள் மூலாதாரம் என்று இரண்டு பெட்டிகள். மகாவம்சம் ஒரு பெட்டியில், கல்வெட்டு மற்றப் பெட்டியில். பரீட்சைக்கு அது போதும். முதல்நிலை, இரண்டாம்நிலை என்ற பிரிப்பு அப்படிப் பெட்டியில் அடங்காது. ஒரே புத்தகம், கேட்கும் கேள்வியைப் பொறுத்து இடம் மாறும். 1626இல் மட்டக்களப்பில் என்ன நடந்தது என்று கேட்டால் குவேரோஸ் இரண்டாம்நிலை. 1687இல் கோவாவில் இருந்த ஒரு பாதிரியார் முஸ்லிம்களை எப்படிப் பார்த்தார் என்று கேட்டால் அதே பக்கம் முதல்நிலை. இந்த இடமாற்றம் பிடிபட்டுவிட்டால் மீதியை மாணவர் தாமே பார்த்துக்கொள்வார்.

இது எப்படிப் பிடிபடுகிறது என்பதை அளந்து பார்த்தவர் சாம் வைன்பேர்க் என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர். 1991இல் வெளியான அவருடைய ஆய்வில் எட்டு வரலாற்றாசிரியர்கள், எட்டு உயர்பள்ளி மாணவர்கள். இரு தரப்புக்கும் ஒரே கட்டுக் காகிதம் கொடுத்தார். 1775 ஏப்ரல் 19 காலை, லெக்சிங்டன் ஊர்த் திடலில் பிரித்தானியச் சிப்பாய்களும் உள்ளூர்ப் படையினரும் எதிரெதிரே நின்றார்கள். யாரோ சுட்டார்கள். எட்டு உள்ளூரார் செத்தார்கள். அமெரிக்கச் சுதந்திரப் போர் அங்கே தொடங்கியது. முதலில் சுட்டது யார்? கட்டில் உள்ளூர்ப் படையினர் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம் இருந்தது, பிரித்தானிய அதிகாரியின் நாட்குறிப்பு இருந்தது, பாடநூல் பக்கம் ஒன்றும், ஒரு நாவலிலிருந்து எடுத்த துண்டும்கூட இருந்தன. படிக்கும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படிக்கச் சொன்னார்.

மாணவர்கள் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடித்தார்கள். வரலாற்றாசிரியர்களின் கண் முதலில் காகிதத்தின் அடிக்குப் போனது: எழுதியது யார், எப்போது, யாருக்கு? அதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே வந்தார்கள். மாணவர்கள் எல்லாவற்றிலும் நம்பகமானது என்று சொன்னது பாடநூல் பக்கத்தை. வரலாற்றாசிரியர்கள் அதைப் பட்டியலின் அடிப்பக்கத்தில் வைத்தார்கள். இதில் எனக்குப் பிடித்த விசயம் வேறு. அந்த எட்டு வரலாற்றாசிரியர்களில் சிலருக்கு அமெரிக்க வரலாறு துறையே கிடையாது. அமெரிக்கப் புரட்சி பற்றிய சின்னச் சின்னத் தகவல் கேள்விகளில் அவர்களைவிட நன்றாகப் பதில் சொன்ன மாணவர்கள் இருந்தார்கள். ஆனால் புதிய காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்தால் அதை எப்படி விசாரிப்பது என்பது அந்த மாணவர்களுக்குத் தெரியவில்லை. நமது சாதாரண தரப் பரீட்சையில் வரலாற்றுக்கு ஏ எடுத்த பிள்ளையையும் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம்.

வைன்பேர்க்கின் குழு ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய பாடங்களில் ஒன்று பொக்கஹொன்ராஸ் பற்றியது. வேர்ஜீனியாக் குடியேற்றத்தின் தலைவர்களில் ஒருவரான ஜோன் ஸ்மித்தைப் பூர்வகுடித் தலைவன் கொல்லப் போனபோது, தலைவனின் சின்ன மகள் குறுக்கே விழுந்து காப்பாற்றினாள் என்ற கதை சினிமா வரைக்கும் போனது. ஸ்மித் தானே எழுதிய இரண்டு புத்தகங்களை மாணவர் முன்னால் வைக்கிறார்கள். 1608இல் எழுதியதில், தலைவன் தன்னை அன்பாக வரவேற்றுத் திருப்பி அனுப்பியதாக இருக்கிறது. காப்பாற்றிய கதை வருவது 1624இல் எழுதியதில். அதற்குள் அந்தப் பெண் இங்கிலாந்து போய்ப் புகழ்பெற்று, 1617இல் இறந்தும் விட்டாள். ஆக, அங்கே இருந்தவர் சொன்னாலும் எத்தனை ஆண்டு கழித்துச் சொன்னார் என்று பார்க்க வேண்டும். பாடம் இந்த ஒரு கேள்வியோடு முடிந்துவிடும். நாற்பது நிமிடத்துக்குள் அடங்கும்.

காகிதம் பொய் சொல்லலாம். அப்போது கைகொடுக்க வருவது ஆய்வுகூடம். 1965இல் யேல் பல்கலைக்கழகம் ஒரு வரைபடத்தை வெளியிட்டது. கொலம்பஸுக்கு முன்பே வைக்கிங் மாலுமிகள் போன வட அமெரிக்கக் கரை அதில் 'வின்லாந்து' என்று குறிக்கப்பட்டிருந்தது. தோல் உண்மையாகவே 15ஆம் நூற்றாண்டுத் தோல். கதிரியக்கக் கரிம ஆய்வும் அதையே சொன்னது. ஆனால் மை காட்டிக்கொடுத்தது. கோடுகள் முழுவதும் தைத்தேனியம் சேர்ந்த வெள்ளை நிறமி. அப்படிப்பட்ட நிறமி தொழிற்சாலைகளிலிருந்து சந்தைக்கு வந்ததே 1920களில்தான். பழைய தோலை யாரோ தேடி எடுத்து, புதிய மையால் வரைந்திருக்கிறார்கள். 2021 செப்டெம்பரில் யேல் பல்கலைக்கழகமே அது போலி என்று அறிவித்தது.

அடுத்த மாதம் இன்னொரு செய்தி வந்தது. அது உண்மை. கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவின் வடமுனையில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில், 1960இல் நோர்வேத் தம்பதியர் ஹெல்கே இங்ஸ்ராட், ஆன் ஸ்ரினே இங்ஸ்ராட் ஆகியோர் வைக்கிங் குடியிருப்பு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மேடுகள் இருக்கும் இடத்தைக் காட்டியது உள்ளூர்க்காரர் ஒருவர். குடியிருப்பு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பது மட்டும் அரை நூற்றாண்டுக்கு மேல் பிடிபடவில்லை. அங்கே கிடைத்த மரத்துண்டுகள் மூன்றை நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தார் எடுத்துப் பார்த்தார்கள். அவற்றை வெட்டியது இரும்பு ஆயுதம். அந்தப் பகுதியில் அப்போது வாழ்ந்த பூர்வகுடிகளிடம் அப்படிப்பட்ட ஆயுதம் இல்லை.

மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். சூரியனில் பெரும் வெடிப்பு நிகழ்ந்தால் விண்கதிர்கள் பூமியின் காற்று மண்டலத்தில் மோதி, கரிமம்-14 என்ற வகை அணுக்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக உருவாகும். அந்தக் காற்றை உறிஞ்சிய மரம் எந்த நாட்டில் நின்றாலும் அந்த ஆண்டு வளையத்தில் கடவுச்சீட்டு முத்திரை போல ஓர் அடையாளம் விழுந்துவிடும். அப்படி ஒன்று கி.பி. 993இல் விழுந்தது. குரோனிங்கன் குழு அந்த வளையத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து பட்டை வரைக்கும் எண்ணியது. இருபத்தெட்டு வளையம். 993உடன் 28ஐக் கூட்டினால் 1021. மூன்று துண்டிலும் அதே விடை. ஐரோப்பியர் அமெரிக்க மண்ணில் நின்றார்கள் என்பதற்கு ஆண்டு தவறாத முதல் சான்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, வெட்டிப்போட்ட மரத்தில் இருந்தது.

993 என்பது நமக்கும் பழகிய ஆண்டுதான். இராஜராஜ சோழனின் படை அநுராதபுரத்தை வீழ்த்தியதாகப் பாடநூல்கள் குறிக்கும் ஆண்டு அது. நியூபவுண்ட்லாந்தில் அந்த மரம் சாய்ந்த 1021இல், ஓட்டமாவடியிலிருந்து மேற்கே பஸ் ஏறினால் இறங்கும் பொலன்னறுவையில் சோழர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. இதே முறையால் நமது பழைய மரங்களின் வயதைச் சொல்லலாமா என்று மாணவர் யாரும் கேட்டால் அது நல்ல கேள்வி. வெப்பநாட்டு மரங்களில் பல, குளிர்நாட்டு மரம் போலத் தெளிவான ஆண்டு வளையம் போடுவதில்லை. குளிர்காலம் இல்லாத ஊரில் மரம் எப்போது நின்று மூச்சு வாங்கும்?

வைக்கிங் கதையில் நமக்கு இன்னொரு பயனும் உண்டு. அவர்கள் மேற்கே போன செய்தி ஐஸ்லாந்தின் 'சாகா' கதைகளில் இருந்தது. வாய்வழியாக வந்து, 13ஆம் நூற்றாண்டளவில் எழுத்தில் ஏறிய கதைகள் அவை. கற்பனை என்று ஒதுக்கினவர்கள் நிறையப் பேர். தோண்டிப் பார்த்ததும் கரு உண்மை என்று தெரிந்தது. ஆனால் கதையில் வந்த எல்லாமே உண்மை என்று ஆகிவிடவில்லை.

நம்மிடம் இருக்கும் 'மட்டக்களப்பு மான்மிய'த்தையும் இப்படித்தான் கையில் எடுக்க வேண்டும். ஏட்டிலிருந்து எடுத்து எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த நூல் அது. வெவ்வேறு காலத்துப் படைகள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. முக்குவர், திமிலர் என்ற இரு சமூகத்தாருக்கு இடையே நடந்த சண்டையில் பட்டாணியர் என்ற முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்றார்கள், பிறகு ஏறாவூர்ப் பக்கம் குடியமர்ந்தார்கள் என்ற கதையை இந்தப் பக்கத்தில் கேட்காதவர் குறைவு. தமிழரும் சொல்வார்கள், முஸ்லிம்களும் சொல்வார்கள். ஆண்டு மட்டும் கதையில் கிடையாது. அது செனரத்தின் 4,000 பேருக்கு முன்பா, பின்பா என்று கதையை வைத்துத் தீர்க்க முடியாது.

எழுதப்படாத சான்று ஒன்றும் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து தெற்கே போகப் போகத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஒரே மாதிரி இருக்கும் தாய்வழிக் குடிமுறை. உம்மாவின் குடிதான் பிள்ளைக்கும் குடி. வீடு மகளுக்குப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் தங்கி இதை ஆராய்ந்தார். அவருடைய நூல் 2008இல் வந்தது. மேற்குக் கரை முஸ்லிம்களிடம் இந்த வடிவிலான குடிமுறை இல்லை. அப்படியானால் 1626இல் மேற்கிலிருந்து வந்தவர்களிடமிருந்து மட்டும் கிழக்கின் முஸ்லிம் சமூகம் உருவாகியிருந்தால் இந்தக் குடிகள் எங்கிருந்து வந்தன? உள்ளூர்ப் பெண்களோடு கலந்த நீண்ட கலியாண உறவு இல்லாமல் இதை விளக்குவது கஷ்டம். ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய் உம்மம்மாவிடம் “நம்மட குடி என்ன?” என்று கேட்டால், கிடைக்கும் பதில் குவேரோஸ் கேள்விப்பட்டிராத முதல்நிலை மூலாதாரம். என் கணக்கில் 4,000 என்ற எண்ணைவிட அந்தப் பதிலுக்குக் கனம் அதிகம்.

முதல்நிலை என்றதுமே நம்பிவிடக்கூடிய ஆளுக்கு 1638ஐக் காட்ட வேண்டும். ஓட்டமாவடியிலிருந்து முப்பது கிலோமீற்றர் அளவில் உள்ள புளியந்தீவில், போர்த்துக்கேயர் பத்து ஆண்டுக்கு முன் கட்டிய கோட்டையை மே 18ஆம் திகதி ஒல்லாந்துத் தளபதி அடம் வெஸ்டர்வோல்ட் பிடித்தார். ஐந்து நாள் கழித்து அங்கேயே அவருக்கும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுக்கும் உடன்படிக்கை. பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்துப் படை இருக்கலாம். யார் விருப்பத்தின் பேரில் என்பதில்தான் வில்லங்கம். மன்னனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில், மன்னன் விரும்பினால் என்ற நிபந்தனை இருந்தது. ஒல்லாந்தர் தங்கள் மேலிடத்துக்கு அனுப்பிய பிரதியில் அது இல்லை. ஒரே உடன்படிக்கை, ஒரே நாள், கையெழுத்திட்டவர்களும் அவர்களே. காலியை 1640இலும் கொழும்பை 1656இலும் பிடித்த ஒல்லாந்தர் மன்னனிடம் திருப்பிக் கொடுக்காமல் தாங்களே வைத்துக்கொண்டதன் பின்னால் அந்த விடுபட்ட சில சொற்கள் இருக்கின்றன. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிக்கொண்ட கதை என்று சிங்களத்தில் இன்றும் சொல்வார்கள். இரண்டு பிரதியையும் வரிசையாக வைத்து ஒப்பிட்டு எழுதியவர் கே. டபிள்யூ. குணவர்தன. இலங்கையில் ஒல்லாந்தர் அதிகாரம் வேரூன்றியது பற்றிய அவருடைய நூல் 1958இல் வந்தது. இரண்டாம்நிலை நூல் ஒன்று முதல்நிலைப் பிரதி இரண்டையும்விடத் தெளிவாக உண்மையைக் காட்டுவதும் உண்டு.

மன்னனுக்கும் ஒல்லாந்தருக்கும் நடுவில் போர்த்துக்கேய மொழி எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். எதிரியின் மொழிதான் அன்று இருவருக்கும் பொது. மட்டக்களப்புப் பறங்கியர் சிலர் வீட்டில் அதன் கலப்பு வடிவம் இன்றும் பேச்சில் இருக்கிறது. 1602 மே கடைசியில் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்துத் தளபதி செம்மறிக் கிடா, செம்மறி, ஆட்டுக்குட்டி என்று பெயர் வைத்த மூன்று கப்பலோடு புறப்பட்டு மட்டக்களப்புக் கரைக்கு வந்தபோதும், இவர்களும் போர்த்துக்கேயர்தானோ என்றுதான் உள்ளூரார் முதலில் சந்தேகப்பட்டார்கள். அதே ஆண்டு வந்த இன்னொரு தளபதி செபால்ட் டி வீர்ட் மறு ஆண்டு மட்டக்களப்பில் தன் ஆட்கள் சுமார் 50 பேரோடு கொல்லப்பட்டார். அதற்கு முன் 1600இல் தென் அமெரிக்காவுக்கு அப்பால் அவர் கண்ட தீவுகளுக்கு மாலுமிகள் நெடுங்காலம் அவர் பெயரையே வழங்கினார்கள். போக்லாந்துத் தீவுகளின் வடமேற்கு ஓரத்தில் இருப்பவை அவை. தொடக்ககால அமெரிக்க வரலாறும் தொடக்ககால மட்டக்களப்பு வரலாறும் ஒரே ஆட்களின் நாட்குறிப்பில் இப்படி அடுத்தடுத்த பக்கங்களில் கிடக்கின்றன. ஹட்சன் என்ற மாலுமி 1609இல் நியூயோர்க் ஆற்றுக்குள் நுழைந்ததும் நம் பக்கத்துக்கு வழி தேடித்தான். அனுப்பியது ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி.

ஓட்டமாவடிப் பிள்ளைக்கு லெக்சிங்டனும் பொக்கஹொன்ராஸும் எதற்கு என்று கேட்கலாம். என்னைக் கேட்டால், அது தூரத்து விசயம் என்பதுதான் அதன் பெரிய வசதி. லெக்சிங்டனில் முதலில் சுட்டது யார் என்று வாதாடும்போது வகுப்பில் யார் மனமும் புண்படாது. அடுத்து 1638. அடுத்து 1626; அங்கே கொஞ்சம் சுடும், தாங்கலாம். இந்தப் பழக்கம் கைக்கு வந்த பிறகுதான் 1990 பக்கம் போக முடியும். அந்த ஆண்டு ஓகஸ்டில் காத்தான்குடியும் ஏறாவூரும், செப்டெம்பரில் சத்துருக்கொண்டானும் கண்ட படுகொலைகளுக்குச் சாட்சிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். மட்டக்களப்பு வாவியைச் சுற்றி ஒவ்வோர் ஊரும் தன் பட்டியலை மனப்பாடமாக வைத்திருக்கிறது. அடுத்த ஊரின் பட்டியலைத் தெரிந்தவர் குறைவு. ஆசிரியர் ஒருவர் பயிற்சி இல்லாமல் அந்த ஆண்டின் காகிதக் கட்டை வகுப்பில் பிரித்தால் பாடம் சண்டையாகிவிடும். பிரிக்காமலே விட்டால் பிள்ளைகள் அதை முகநூலில் படித்துக்கொள்வார்கள். இரண்டில் எது மோசம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஓட்டமாவடியிடம் வேறு எந்த ஊரிடமும் இல்லாத ஒரு மூலாதாரமும் இருக்கிறது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி, கொவிட்டால் இறந்தவர்களின் உடலை எரிக்கத்தான் வேண்டும் என்றது. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முந்தின மாதமே சொல்லியிருந்தது. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்பது இங்கே சொல்லப்பட்ட காரணம். 2021 பெப்ரவரி 25இல் விதி மாறியது. மார்ச் 5 முதல் நாடு முழுவதிலிருந்தும் உடல்கள் ஓட்டமாவடியின் மஜ்மா நகருக்கு வந்தன. ஓராண்டு கழித்து, எங்கும் அடக்கலாம் என்று ஆகும் வரைக்கும் வந்துகொண்டே இருந்தன. 2024 ஜூலையில் அமைச்சரவை, எரித்ததற்காக மன்னிப்புக் கேட்டது.

மஜ்மா நகர் மையவாடியில் அடக்கப்பட்டவர்கள் 3,634 பேர். நாட்டின் பேச்சில் அது முஸ்லிம் ஜனாஸாக்களை அடக்கிய இடம். நாளைக்குப் பாடநூலில் ஒரு வரி ஏறினால் அநேகமாக அப்படித்தான் ஏறும். கணக்கைப் பார்த்தால் முஸ்லிம்கள் 2,992 பேர். பௌத்தர் 287, இந்துக்கள் 270, கிறிஸ்தவர் 85. ஆண்கள் 2,225, பெண்கள் 1,409. இந்த எண்களை ஒரு வகுப்பில் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் குவேரோஸின் 4,000ஐயும் எழுதிவிட்டு ஆசிரியர் பேசாமல் நின்றாலே போதும். ஒன்றில் கடைசி இலக்கம் வரை எண்ணிக்கை, மற்றதில் மூன்று பூச்சியம். ஒன்றை ஆளாளாகப் பதிந்தார்கள், மற்றதை அறுபது வருடம் கழித்து இன்னொரு நாட்டில் இருந்து எழுதினார்கள்.

ஆனால் இந்தப் பட்டியலும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 287 பௌத்தர்களின் குடும்பத்தார் எரிக்காமல் அடக்கத்தைத் தெரிவுசெய்தது ஏன்? தூர ஊரிலிருந்து இரவோடிரவாக வாகனம் ஓட்டி வந்தவர் வழியில் எங்கே நிறுத்தினார்? ஜனாஸாத் தொழுகை நடத்தியவர், குழி வெட்டிய இயந்திரத்தின் சாரதி, காவலுக்கு நின்ற சிப்பாய், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகியோர் அன்று எதைப் பார்த்தார்கள்? அடக்க முடியாமல் எரிக்கப்பட்டவர்களின் வீட்டார் இந்த இடத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? எரிக்கப்பட்டவர்களின் பெயர்கள் இந்தப் பட்டியலில் இருக்க வழியில்லை. வேறு பதிவேட்டில் தேட வேண்டும்.

இந்தச் சாட்சிகளில் பெரும்பாலோர் இன்று நடமாடும் ஆட்கள். தரம் 10 பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் போய், அனுமதி கேட்டு, கைத்தொலைபேசியில் பதிந்து, பிறகு சொல் மாறாமல் எழுதி எடுக்கக்கூடிய வேலை இது. சொல்பவர் அழுதால் பதிவை நிறுத்த வேண்டும். பெயர் போட வேண்டாம் என்றால் போடக் கூடாது. தாளின் முதல் வரியில் பேட்டி எடுத்த நாளும் இடமும், எழுதியவர் பெயரும், 2021இல் சொல்பவர் மஜ்மா நகரில் நேரே நின்றாரா, யாரிடமாவது கேட்டுச் சொல்கிறாரா என்பதும் வர வேண்டும்.